கூண்டு வாங்கிய இல்லத்தாருக்கு ஒரு திறந்த மடல்



முற்றமும் கொல்லைப்புறமும் இல்லாத அடுக்ககங்களில் நாலாவது மாடியிலோ ஏழாவது மாடியிலோ குடியிருந்துகொண்டு, குழந்தைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கியோ, நெடுநாளாக மனத்தில் இருந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டோ, நாய்க்குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொணர்ந்து, கடைக்காரர் சொல்லைக் கேட்டு மடக்குக் கம்பிக் கூண்டு ஒன்றையும் வாங்கிக் கூடத்தின் மூலையில் வைத்துவிட்டு, அதனை என்ன செய்வதென்று தெளியாமல் தியங்கிக்கொண்டிருக்கும் இல்லத்தார் அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். உங்களில் ஒரு சாரார், வாயில்லாப் பிராணியை அடைத்து வைப்பது பாவம் என்று கருதி, அந்தக் கூண்டின்மேல் துவைத்த துணியை உலர்த்துகிறீர்கள். மற்றொரு சாரார், குட்டி தரையை நனைத்தபோதெல்லாம் அதனைக் கூண்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, மாலைவரையில் மறந்துபோகிறீர்கள். இரு திறத்தாரும் ஒன்றைக் கவனியாது விட்டீர்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். நாய்க்குச் சுத்தத்தைக் கற்பிக்கும் சக்தி அந்தக் கம்பிகளுக்கு இல்லை. அதனைக் குட்டி தாயிடத்திலேயே ஒருவாறு கற்றுக்கொண்டு வந்துவிடுகிறது. வீட்டிலுள்ள மனிதர்கள் காலந்தவறாமல் அதனை வெளியே கொண்டுபோகும்படி அவர்களை ஓர் ஒழுங்குக்கு உட்படுத்துவதுதான் கூண்டினால் விளையும் பிரயோஜனம். இந்த ஒன்றை நன்கு மனத்தில் பதித்துக்கொண்டால் மேலே நான் சொல்லப் போவன யாவும் தாமே விளங்கும்.

பிறந்த குட்டிக்குக் கண் திறவாது, காது கேளாது என்பதை யாவரும் அறிவர். தானாகச் சிறுநீர் கழிக்கவும் அதற்கு இயலாது என்பதை அறிந்தவர் சிலரே. தாய் தன் நாவினால் அதன் அடிவயிற்றை நக்கித் தூண்டிய பின்னரே குட்டி மலஜலம் கழிக்கிறது. கழித்ததைத் தாயே உட்கொண்டு படுக்கையைத் துப்புரவாக வைத்துக்கொள்கிறது. ஏறக்குறைய இரண்டாம் வாரத்தில் கண் திறந்து, மூன்றாம் வாரத்தில் கால் ஊன்றித் தள்ளாடி நடக்கத் தொடங்கியவுடன், யாரும் சொல்லிக் கொடாமலே அது படுத்த இடத்தைவிட்டுச் சிறிது விலகிச் சென்று கழிக்கத் தலைப்படுகிறது. மதகின் அடியிலோ, வீடு கட்டுவோர் கொட்டி வைத்த மணற்குவியலின் சரிவிலோ ஈன்றிருக்கும் தெரு நாயைச் சில நாள் பொறுமையாகக் கவனிப்பவர்களுக்கு இது பிரத்தியட்சம். அமெரிக்க நாட்டு மெயின் மாகாணத்தில் பார் ஹார்பர் என்னும் கடற்கரை ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில், ஐந்து இனங்களைச் சேர்ந்த நாய்களைப் பல ஆண்டு வளர்த்து ஆராய்ந்து 1965ஆம் ஆண்டில் தங்கள் பெருநூலை வெளியிட்ட ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்னும் அறிஞர் இருவரும், எட்டாவது ஒன்பதாவது வாரமளவில் குட்டிகள் கழிப்பதற்கென்று குறிப்பிட்ட இடங்களை நாடுவதைப் பதிவு செய்திருக்கின்றனர். பெரும்பாலான குட்டிகள் நம் வீட்டுக்கு வந்து சேரும் பருவமும் அதுவேயாதலால், வந்த முதல் சில வாரங்களில் அது எந்தத் தரையில் காலை ஊன்றிக் கழிக்கிறதோ அந்தத் தரையையே ஆயுள் முழுதும் விரும்பும் நிலை உண்டாகிறது. புல்லில் பழகியது புல்லைத் தேடும். வழுவழுப்பான ஓட்டுத்தரையில் பழகியது உங்கள் கூடத்தைத் தேடும்.

நாய் குகைவாசி, ஆகையால் கூண்டில் கிடப்பதில் அதற்குப் பேரானந்தம் என்று கூண்டு விற்போர் சொல்லுவதை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். இதனை முழுதும் நம்பிவிட வேண்டியதில்லை. நாய்க்கு உறவாகிய ஓநாய் வளையில் வசிப்பது குட்டி ஈன்று வளர்க்கும் சில வாரங்கள் மட்டுமே. வளர்ந்த ஓநாய் வெட்டவெளியில் உறங்கும் பிராணி. வளை எதற்கும் கதவு இல்லை என்பதையும் அந்த வியாபாரிகள் சௌகரியமாக மறந்துவிடுகின்றனர். நமக்கு ஆதாரமாக உள்ள உண்மை அவ்வளவு பெரிதன்று: படுத்த இடத்தை நனைக்கக் குட்டி கூசுகிறது, அவ்வளவே. அந்தக் கூச்சத்துக்கும் எல்லை உண்டு. சிறுநீர்ப்பை தாங்கும் நேரத்துக்கு மேல் அதனை அடைத்து வைத்தால், வேறு வழியின்றிப் படுக்கையிலேயே கழித்துவிடும். அவ்வாறு பன்முறை நேர்ந்தால் கூச்சமே மரத்துப்போகும். அதற்குப் பின் உலகத்தில் எந்தக் கூண்டும் உங்களுக்கு உபகாரம் செய்யாது.

கூச்சம் மரத்த நிலையிலேயே வீட்டுக்கு வந்துசேரும் குட்டிகளும் உண்டு. கடைகளிலே சிறு கம்பிப் பெட்டியில் நாலைந்து உயிர்களை நெருக்கி அடைத்து, உண்பதும் உறங்குவதும் கழிப்பதும் ஒரே இடத்தில் என்றாக்கி வாரக்கணக்கில் வைத்திருந்து விற்கப்படும் குட்டி, தன் அசுத்தத்தின்மேலேயே படுத்து உறங்கப் பழகிவிடுகிறது. அத்தகைய குட்டியை உடைய அன்பர்கள், கூண்டு பலிக்கவில்லையே என்று அதன்மேல் கோபங்கொள்ளலாகாது. அவர்கள் சில வாரங்களுக்குக் கூண்டின் கதவைச் சாத்தாமல் வைத்து, மணிக்கு ஒரு முறை குட்டியை வெளியே கொண்டுபோய், படுக்கை எப்பொழுதும் உலர்ந்திருக்கும்படி பார்த்துக்கொண்டு, அந்தப் பழைய கூச்சம் மீண்டும் தளிர்க்கக் காத்திருக்க வேண்டும். இன்னும் குட்டி வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: தாயும் குட்டிகளும் வாழும் இடத்தை நேரில் சென்று பார்த்து, படுக்கும் இடம் வேறு, கழிக்கும் இடம் வேறு என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கூண்டின் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குட்டி தலை இடிக்காமல் நிற்கவும், சுற்றித் திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். அதற்குமேல் இருந்தால் ஒரு கோடியில் உறங்கி மறுகோடியில் கழிக்கும். தோள்வரை 65 முதல் 75 செ.மீ. உயரம் வளரும் இராஜபாளையம் நாய்க்கு முடிவில் 48 அங்குலக் கூண்டு வேண்டியிருக்கலாம். ஆயினும் இரண்டு மாதக் குட்டியை அந்த மாளிகையில் விட்டால் காரியம் கெடும். இடையில் தட்டி வைத்து, குட்டி வளர வளர நகர்த்திக்கொள்ளும் வகையிலான கூண்டுகள் கிடைக்கின்றன. அவற்றையே வாங்குவது சிக்கனம். மெத்தை வேண்டாம், நான்காக மடித்த பழைய பருத்திப் புடவை போதும், நனைந்தால் துவைத்துக்கொள்ளலாம். உள்ளே விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். அது கம்பியில் மாட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். பால்கனியில் கூண்டை வைக்கும் வழக்கத்தையும் நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். சித்திரை வெயிலில் இரும்புக் கம்பி எவ்வாறு காயும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியவர்கள் அல்லர் நீங்கள். இரைத்து இரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டிய பிராணிக்கு அங்கே இரைக்கக் குளிர்ந்த காற்றும் இராது. வீட்டார் நடமாடும் கூடத்தில், மின்விசிறிக் காற்றுப் படும் இடத்தில் அது இருக்கட்டும்.

குட்டியைக் கூண்டுக்குப் பழக்கும் முறை மிக எளிது. ஆனால் அவசரக்காரர்களுக்கு அது கைவராது. முதல் இரண்டொரு நாள் கதவைத் திறந்தே வைத்து, உணவுக் கிண்ணத்தை உள்ளே வையுங்கள். தானாக நுழைந்து உண்ணப் பழகிய பின், அது உண்ணும் நேரத்தில் மட்டும் கதவைச் சாத்தி, உண்டு முடித்தவுடன் திறந்துவிடுங்கள். பிறகு ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி என்று காலக்கிரமத்தில் நீட்டுங்கள். நன்றாக விளையாடிக் களைத்துக் கண் சொருகும் சமயத்தில் உள்ளே விட்டால் அது உறங்கியே போகும். குட்டி குரைத்துக் கதவைப் பிறாண்டும் அந்த நொடியிலேயே திறந்துவிடாமல், ஒரு கணமேனும் அமைதியாக இருக்கும்போது திறப்பது விவேகம். எந்தக் காரணத்துக்காகவும் கூண்டைத் தண்டனைக்குரிய இடமாக ஆக்கலாகாது. செருப்பைக் கடித்த குற்றத்துக்குச் சிறைவாசம் விதிக்கும் குடும்பத்தில், இரவு படுக்கைக்காகக் கதவைத் திறந்தாலும் குட்டி சோபாவின் அடியில் புகுந்துகொள்ளும்.

இனி நேரத்தைப் பற்றிச் சொல்லுகிறேன்; பயிற்சியின் உயிர்நிலை இதுதான். இரைப்பையில் உணவு விழுந்தவுடன் பெருங்குடல் அசையத் தொடங்குவது மனிதருக்கும் நாய்க்கும் பொதுவான உடலியல் விதி. ஆதலால், உண்ட ஐந்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் குட்டி மலங்கழிப்பது பெரும்பாலும் உறுதி. உறங்கி எழுந்தவுடன் சிறுநீர் கழிக்கும். துள்ளி விளையாடி நிறுத்தியவுடன் கழிக்கும். வீட்டுக்கு விருந்தினர் வந்த உற்சாகத்திலும் கழிக்கும். இவ்வேளைகள் ஒவ்வொன்றிலும் யாரேனும் ஒருவர் அதனைத் தூக்கிச் செல்ல வேண்டும். விழித்திருக்கும் போது இரண்டு மாதக் குட்டிக்கு மணிக்கு ஒரு முறையேனும் வாய்ப்பளிப்பது அவசியம். எத்தனை மாதம் நிறைந்ததோ அத்துடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மணிநேரமே பகலில் அது அடக்கிக்கொள்ளக்கூடிய மேல்வரம்பு என்று பயிற்றுவோர் ஒரு கணக்குச் சொல்லுவர். அது வரம்பேயன்றி நாம் பின்பற்ற வேண்டிய அளவன்று என்பதை மறவாதீர்கள். இரவில் உடல் ஓய்ந்து சிறுநீர் குறைவாகச் சுரப்பதால் இன்னும் சற்று நேரம் தாங்கும். குட்டி விழித்திருந்து, சற்று முன்தான் கழித்திருந்தால், உங்கள் கண்ணெதிரே வீட்டில் உலாவட்டும். கழிக்க வேண்டிய நேரம் நெருங்கியும் கழிக்காமல் திரும்பியிருந்தால் பத்து நிமிஷம் கூண்டில் இருந்துவிட்டு, மறுபடியும் வெளியே போகட்டும். கூண்டுக்கும் வெளிக்கும் இடையேதான் அதன் நாள் கழிய வேண்டுமென்பதன்று. கண்காணிக்க ஆளில்லாத இடைவேளைகளை நிரப்பவே கூண்டு.

அடுக்ககவாசிகளுக்கென்றே ஏற்பட்ட சங்கடம் ஒன்று உண்டு. மேல்நாட்டுப் புத்தகங்கள் கதவைத் திறந்து தோட்டத்தில் விடு என்கின்றன. உங்கள் கதவைத் திறந்தால் நடைவழி, அதன்பின் லிஃப்ட், அதன்பின் வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கும் வாயில். லிஃப்ட் வருவதற்குக் காத்திருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் குட்டி நடைவழியிலேயே குந்திவிடும். அடுத்த வீட்டாரின் கோலத்துக்கு நேர்ந்த கதியைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலால் சிறு குட்டியைக் கதவிலிருந்து மண்தரை வரையில் கையில் தூக்கியே செல்லுங்கள். தூக்கி வைத்திருக்கும்போது அது பெரும்பாலும் கழிப்பதில்லை.

இதைக் காட்டிலும் பெரிய சங்கடம் நோய். 1978 அளவில் உலகெங்கும் பரவத் தொடங்கிய பார்வோ என்னும் வைரஸ், நோயுற்ற நாயின் மலத்தின் வழியாக மண்ணில் சேர்ந்து மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கக்கூடியது. தடுப்பூசி முறையாக நிறையாத குட்டியை அது இரத்தபேதியால் வாட்டிச் சில தினங்களில் மாய்த்துவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசி, மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர்ந்து, பதினாறாவது வாரம் வரையில் போடப்பட வேண்டியிருக்கிறது. தெரு நாய்கள் நடமாடும் வீதியோரத்து மண்ணில் அதுவரையில் குட்டியை இறக்குவது ஆபத்து. அதுவரையில் வீட்டுக்குள்ளேயே கழிக்கவிட்டாலோ, ஓட்டுத்தரையை அது தன் இடமாக வரித்துக்கொள்ளும். இந்த இக்கட்டுக்கு நான் கண்ட பரிகாரம், பால்கனியின் ஒரு பக்கத்தில் அகன்ற பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைத்து, அதில் நர்சரிகளில் கிடைக்கும் புல் பத்தையைப் பரப்பி, அதனையே தற்காலிகக் கழிப்பிடமாக்குவது. புல்லைக் காலால் உணர்ந்து கழிக்கப் பழகிய குட்டி, ஊசிகள் நிறைந்து கீழே இறங்கும் நாளில் புல்தரையைக் கண்டவுடன் தன் கடமையை அறிந்துகொள்ளும். காலை மாலை வேளைகளில் வேறு நாய் ஏறாத மொட்டை மாடியையும் உபயோகிக்கலாம். உச்சிப்பொழுதில் அந்தத் தளத்தில் நீங்களே வெறுங்காலோடு நிற்கமாட்டீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். செய்தித்தாள் விரித்துப் பழக்குவது நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் முறை. அது மலிவானதே, ஆனால் தாத்தா காலையில் படித்துவிட்டு நாற்காலிக்குக் கீழே போட்ட பத்திரிகைக்கும் தனக்கென்று விரித்த பத்திரிகைக்கும் பேதம் காணும் கல்வி நாய்க்கு இல்லை.

வெளியே சென்றதும் எப்பொழுதும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய், ஒரே சொல்லைச் சொல்லி, பேச்சும் விளையாட்டும் இன்றி நில்லுங்கள். குழந்தைகளுக்குச் சொல்லும் "மூச்சா" என்ற சொல்லே போதுமானது. வீட்டில் ஆளுக்கொரு சொல்லைக் கையாளாதிருந்தால் சரி. குட்டி கழித்து முடித்த அடுத்த நொடியில், அந்த இடத்திலேயே, ஒரு துண்டு பனீரோ வேகவைத்த கோழி இறைச்சியோ கொடுத்து மெச்சுங்கள். மாடி ஏறி வீட்டுக்குத் திரும்பிய பின் கொடுத்தால், வீட்டுக்குத் திரும்பியதற்கான பரிசாகவே அது அதனைக் கொள்ளும். கழித்தவுடன் இழுத்துக்கொண்டு வீடு திரும்பும் அவசரத்தையும் விடுங்கள். கழித்தால் உலாவல் முடிந்துவிடும் என்று கண்டுகொண்ட புத்திசாலிக் குட்டிகள் அரை மணி நேரம் அடக்கிவைத்திருந்து, வீட்டுக் கம்பளத்தை மிதித்தவுடன் விடுவதுண்டு.

எவ்வளவு கவனமாக இருப்பினும் தரை சில முறை நனையத்தான் செய்யும். அப்பொழுது நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இது: குட்டியின் பிடரியைப் பற்றி இழுத்து வந்து, அதன் மூக்கை ஈரத்தில் தேய்த்து, சுருட்டிய பத்திரிகையால் அடித்து, அது காதை மடக்கித் தலையைத் தாழ்த்தியதைக் கண்டு, தன் குற்றத்தை உணர்ந்துகொண்டது என்று திருப்தி அடைவது. நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அம்மையார் 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இந்தக் "குற்ற முகத்தை"ச் சோதித்துப் பார்த்தார். உண்ணாதே என்று எசமானர் விலக்கி வைத்த பண்டத்தை நாய் உண்டதோ உண்ணவில்லையோ, அதனைப் பொறுத்து அந்த முகபாவம் தோன்றவில்லை. எசமானர் கண்டித்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தே தோன்றியது. குற்றமற்ற நாயும் ஏச்சுக் கேட்டால் குற்றவாளி போலவே விழித்தது. நீங்கள் காண்பது அச்சமேயன்றிப் பச்சாத்தாபமன்று. பத்து நிமிஷத்துக்கு முன் நனைத்த தரைக்கும் இப்பொழுது விழும் அடிக்கும் உள்ள தொடர்பை நாய் அறியாது. மனிதர் எதிரில் கழிப்பது ஆபத்து என்ற ஒன்றை மட்டும் அது அறிந்துகொண்டு, அடுத்த முறை கட்டிலின் அடியிலோ திரைச்சீலைக்குப் பின்னாலோ மறைந்து கழிக்கும். வெளியே அழைத்துச் சென்றாலும் உங்கள் முன்னிலையில் கழிக்க அஞ்சும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குந்தினால், கையை இலேசாகத் தட்டிக் கவனத்தைத் திருப்பித் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பின்னால் கண்டுபிடித்தால், வாய் பேசாமல் துடையுங்கள்.

துடைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஃபினாயிலின் நெடி நம்முடைய மூக்கை ஏமாற்றும். நாயின் மூக்கு அதற்கு அடியிலுள்ள சிறுநீர் வாசனையைத் தெளிவாகக் கண்டுகொண்டு, இது நம் இடம் என்று மறுநாளும் அங்கேயே வரும். அம்மோனியா கலந்த திரவங்கள் சிறுநீரையே நினைவூட்டுபவை. கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும் நொதிப்பொருள் கலந்த திரவத்தை ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டுத் துடைப்பதே சிறந்தது. அது கிட்டாவிடின் வினிகர் கலந்த நீரும் சமையல் சோடாவும் ஓரளவு உதவும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கும் இதனைச் சொல்லிவையுங்கள்.

உணவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். ஏனெனில் பயிற்சி கெடுவது பல வீடுகளில் இதனால்தான். பச்சைக் குழந்தையாயிற்றே என்று பாட்டி ஊற்றும் பசும்பால், தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குச் செரிப்பதில்லை, பேதியாகும். பேதி கண்ட குட்டி எந்தக் காலத்தையும் எந்த இடத்தையும் அநுசரிக்க இயலாது. வேளைக்கு இன்னது, இத்தனை மணிக்கு என்று வகுத்து நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை அளந்து வைத்து, மிச்சத்தைக் கால் மணியில் எடுத்துவிட்டால், உள்ளே போவது ஒழுங்காவதுபோல் வெளியே வருவதும் ஒழுங்காகும். நாள் முழுதும் கிண்ணத்தில் சோறு கிடக்கும் வீட்டிலும், போவோர் வருவோர் எல்லாம் மாரி பிஸ்கத்துக் கொடுக்கும் வீட்டிலும் கணக்கு எதுவும் நிற்காது. ஆனால் நீரை ஒரு பொழுதும் மறுக்காதீர்கள். படுக்கப் போகும் முன் ஒரு மணி நேரம் கிண்ணத்தை எடுத்து வைப்பது தவறன்று, கோடை இரவில் அதனையும் செய்ய வேண்டாம்.

முதல் இரவுகள் கடினமானவை. தாயின் வெப்பத்திலும் உடன்பிறந்தவற்றின் நெருக்கத்திலும் அதுவரையில் உறங்கிய உயிர், முன்பின் அறியாத வீட்டில் தனியே விடப்பட்டால் ஊளையிடாமல் என்ன செய்யும்? பழகிவிடும் என்று சமையலறையில் பூட்டிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு படுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கூண்டை உங்கள் படுக்கையின் அருகிலேயே வையுங்கள். கையைக் கீழே தொங்கவிட்டால் அது முகர்ந்து பார்க்கும் தூரத்தில். நடுநிசியில் அது முனகிப் புரண்டால் விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், தூக்கிச் சென்று கழிக்கவைத்துத் திரும்பக் கொணர்ந்து விடுங்கள். இரவில் எழுந்தால் விளையாட்டு இல்லை என்று அது சில தினங்களில் கண்டுகொள்ளும். உறக்கத்தைப் பொறுத்தவரையில் இரண்டு வாரம் கைக்குழந்தை வீட்டுக்காரராக இருக்க உங்களால் இயலாதென்றால், அதனை இப்பொழுதே ஒப்புக்கொள்வது குட்டிக்கு நீங்கள் செய்யும் உபகாரம்.

கூண்டு பாவம் என்று ஆக்ஷேபிக்கும் பெரியவர்களுக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அவர்களுடைய கருணையில் நியாயம் இருக்கிறது. கூண்டு எளிதில் கொடுமையாக மாறக்கூடிய சாதனம்தான். சுவீடன் நாட்டில், பிரயாணம் முதலிய சில சந்தர்ப்பங்களைத் தவிர, குறித்த அளவினும் சிறிய கூண்டில் நாயை அடைத்து வைப்பதை விதிகள் அனுமதிப்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் நாயைப் பகற்பொழுதில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் வெளியே விட வேண்டுமென்றும் அங்கே விதி உண்டு. நம் நாட்டிலும், அசைந்து நடமாட நியாயமான இடமளிக்காத கூண்டில் ஒரு பிராணியை வைத்திருப்பதும், குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் தோன்றுவதற்கு, மாநிலங்களவையில் தனி உறுப்பினர் மசோதா கொணர்ந்து வழி திறந்தவர் சென்னைக் கலாக்ஷேத்திரத்தின் ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த பிராணி நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. அவ்வாரியத்தின் தலைமையகம் நெடுங்காலம் சென்னையிலேதான் இருந்தது. கணவனும் மனைவியும் காலை எட்டு மணிக்குப் பூட்டிக்கொண்டு புறப்பட்டு இரவு ஏழு மணிக்குத் திரும்பும் வீட்டில், பதினொரு மணி நேரம் குட்டியைக் கூண்டில் வைப்பதை எந்தப் பயிற்சிப் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. பகலில் இரண்டு மூன்று முறை வந்து வெளியே கொண்டுபோக ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். அல்லது நான்கைந்து வயதான, வீட்டு ஒழுக்கம் அறிந்த நாயைக் காப்பகத்திலிருந்து எடுத்து வளருங்கள். முயலைத் துரத்தி ஓடவென்றே தென்பாண்டிக் கரிசல் நிலத்தில் வளர்க்கப்பட்டு வந்த சிப்பிப்பாறை நாயை அத்தகைய வீட்டில் கொண்டுவந்து அடைப்பவரிடம் எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை.

பாட்டிமார்களுக்குத் தனியே ஒரு விண்ணப்பம். அறை முழுதும் திரியவிட்டு, பூஜை அறை வாசலில் நனைத்தபின் துடைப்பக்கட்டையால் அடிப்பதைக் காட்டிலும், அரை மணி நேரம் பழம்புடவையில் உறங்கவைத்து, எழுந்தவுடன் வெளியே கொண்டுபோவது கருணை குறைந்த செய்கையா என்பதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். உங்கள் ஒத்துழைப்பின்றி இந்தக் காரியம் நடவாது. மகனும் மருமகளும் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் குட்டி விழிப்பதைக் காண்பவர் நீங்கள்தாம். அதனைத் தூக்கிப் புல் தட்டில் விடுபவரும் பெரும்பாலும் நீங்களாகவே இருக்கப் போகிறீர்கள். வீட்டில் யார் யார் எந்தெந்த வேளைக்குப் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, கழித்த நேரத்தை அதில் குறித்துவந்தால், யாரோ கொண்டுபோயிருப்பார்கள் என்று யாவரும் நினைத்து எவரும் கொண்டுபோகாத விபத்து நேராது.

பெரும்பாலான குட்டிகள் நான்கு முதல் ஆறு மாதத்தில் தேறிவிடும். ஷிட்சு போன்ற சிறிய இனங்களுக்கு இன்னும் நாளாகும். தேறிய குட்டி பருவம் எய்தும் சமயத்தில் மறுபடி தவறினால் பழைய அட்டவணைக்கே சில வாரம் திரும்புங்கள். ஆனால் நன்கு பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சிறிது சிறிதாகக் கழித்தால், அது ஒழுக்கக் கேடன்று, சிறுநீர்த்தாரையில் நோயாக இருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களைக் கண்டு குனிந்து வாலைச் சுருட்டிக்கொண்டே சொட்டுவதும் இந்தப் பயிற்சியில் சேர்ந்ததன்று. குரலைத் தாழ்த்திப் பேசினால் வயதோடு மறையும். ஒரு மாதத்துக்கு மேலாகத் தரை நனையவில்லையென்றால் முதலில் ஓர் அறையையும், பிறகு மற்ற அறைகளையும் அதற்குத் திறந்துவிட்டு, கூண்டின் கதவைக் கழற்றி வைத்துவிடலாம். கூண்டை மட்டும் விற்றுவிடாதீர்கள். தீபாவளிக்கு முந்தின இரவு தொடங்கி வெடிச்சத்தம் ஓயும் வரையில், அதன்மேல் கனத்த போர்வையைப் போட்டு மூன்று பக்கமும் மறைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டால், நடுங்கும் நாய் தானாகச் சென்று அதனுள் ஒடுங்கிக்கொள்ளும்; அப்பொழுது கதவு இல்லாதிருப்பதே உத்தமம்.

கடைசியாக, குடியிருப்போர் சங்கத்தாரோடு உங்களுக்கு ஏற்படக்கூடிய வழக்கைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நாய் வளர்ப்பதைத் தடுக்கவோ, நாயோடு லிஃப்டில் ஏறுவதை மறுக்கவோ சங்கங்களுக்கு உரிமை இல்லை என்று பிராணி நல வாரியம் 2015இல் சுற்றறிக்கை விடுத்திருக்கிறது. அதன் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துக்காட்ட வேண்டிய அவசியம் நேராதிருக்க, ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் பழைய பத்திரிகைத் தாள் இரண்டும் பை ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். குட்டி கழித்ததை வாட்ச்மேனுக்கும் தோட்டக்காரருக்கும் விட்டுவிடாமல் உங்கள் கையாலேயே வாரிக் குப்பைத் தொட்டியில் சேர்த்துவிட்டால், அடுத்த மாதக் கூட்டத்தில் செயலாளர் தண்ணீர் லாரிக் கணக்கை மட்டும் பேசுவார்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் அன்பன்